நான்காம் எண்ணில் மட்டும் சுற்றிய ப்ளோயர்: இரண்டு ரெசிஸ்டரைப் பலி கொடுத்த கதை

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. காரை எடுத்துக் கொஞ்ச தூரம் போவதற்குள் முன்கண்ணாடியின் உள்பக்கம் புகை படிந்தது போல வெளுக்க ஆரம்பித்தது. பழக்கதோஷத்தில் கை ஃபேன் திருகை 1-க்குத் திருப்பியது. சத்தமே இல்லை. 2, இல்லை. 3, அதுவும் இல்லை. சரி, போயே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே 4-க்குத் திருப்பினால் புயல் மாதிரிக் காற்று. கண்ணாடி தெளிந்துவிட்டது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

பத்து வருஷத்தைத் தாண்டிய கார். ஏ.சி.யும் ஹீட்டரும் கையால் திருகும் வகை, ஃபேனுக்கு நான்கு வேகம், தானியங்கிக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. இந்தக் கோளாறை நான் சரிசெய்து முடிக்க ஆறு வாரம் ஆனது. அதில் வேலை செய்த நேரம் மொத்தமாக ஒரு நாள்கூட இருக்காது. மீதி நாளெல்லாம் தவறான பாகத்தைச் சந்தேகப்பட்டதில் போனது. எங்கே தடுக்கினேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதே இடத்தில் நிறைய பேர் தடுக்குகிறார்கள்.

ஏன் 4 மட்டும் பிழைத்தது

ஹீட்டருக்கு ஒரு ஃபேன், ஏ.சி.க்கு ஒரு ஃபேன் என்று தனித்தனியாக இல்லை. ஒரே ப்ளோயர்தான். அது தள்ளும் காற்று முதலில் ஏ.சி.யின் இவாப்பரேட்டர் (காற்றைக் குளிரவைக்கும் பகுதி) வழியாகவும், பிறகு தேவைப்பட்டால் ஹீட்டர் கோர் (சூடாக்கும் பகுதி) வழியாகவும் போய் உங்கள் முகத்துக்கோ காலுக்கோ கண்ணாடிக்கோ வருகிறது. அதனால் ப்ளோயர் நின்றால் சூடும் இல்லை, குளிரும் இல்லை. ஃபேன் திருகு 0-இல் இருந்தால் கையால் திருகும் வகைக் கார்கள் பலவற்றில் ஏ.சி. பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் கம்ப்ரஸர் ஓடாது. காற்று ஓடாமல் கம்ப்ரஸர் மட்டும் ஓடினால் இவாப்பரேட்டர் பனிக்கட்டியாக உறைந்துவிடும் என்பதால் ஏ.சி.க்கான சிக்னலையே ஃபேன் சுவிட்ச் வழியாகக் கொண்டுபோயிருப்பார்கள். எனவே ஏ.சி. வேலை செய்யவில்லை என்று கேஸ் நிரப்பப் போவதற்கு முன்னால் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

மோட்டார் சாதாரண 12 வோல்ட் டி.சி. மோட்டார். காந்தம், காயில், இரண்டு கார்பன் பிரஷ், அவ்வளவுதான். அதன் வேகத்தைக் குறைக்கப் பழைய முறை ஒன்றுதான்: கரண்ட் போகும் வழியில் ஒரு ரெசிஸ்டரை, அதாவது கரண்டைத் தடுத்துக் குறைக்கும் ஒரு பாகத்தை, குறுக்கே வைப்பது. என் காரில் மூன்று கம்பிச்சுருள்கள் வரிசையாக இருக்கின்றன. 1-இல் வைத்தால் மூன்றும் குறுக்கே வரும், 2-இல் இரண்டு, 3-இல் ஒன்று. 4-இல் எதுவும் இல்லை, கரண்ட் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராகப் போய்விடும். சுருள்களோடு வரிசையில் ஒரு வெப்ப ஃபியூஸும் இருக்கும். ரெசிஸ்டர் அளவுக்கு மீறிச் சூடானால் அது உருகி வழியை வெட்டிவிடும், வெட்டினால் 1, 2, 3 மூன்றும் ஒரே நேரத்தில் செத்துப்போகும். 4 மட்டும் பிழைக்கும்.

ஆகவே என் காரின் அறிகுறியைப் பார்த்து ரெசிஸ்டர் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. மோட்டாரில் உயிர் இருக்கிறது, பெரிய ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, ரிலே (பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின்சுவிட்ச்) ஒட்டுகிறது, இவை எல்லாவற்றுக்கும் 4-ஆம் எண்ணே சாட்சி. இதுவரைக்கும் நான் நினைத்தது சரிதான்.

முதல் ரெசிஸ்டர்

க்ளவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் ப்ளோயர் பெட்டி தெரியும். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டுச் சில நிமிஷம் பொறுத்துத்தான் கை வைத்தேன். அந்தப் பக்கத்து ஏர்பேக் அங்கேதான் மேலே உட்கார்ந்திருக்கிறது, மஞ்சள் கனெக்டர் எது கண்ணில் பட்டாலும் அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். ரெசிஸ்டர் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிறது. காற்றுக் குழாயில் ஒரு சின்ன ஓட்டை, அதற்குள் சுருள்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஏன் காற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்றால், ப்ளோயர் தள்ளும் காற்றுதான் ரெசிஸ்டரைக் குளிரவைக்கிறது. இந்த ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெளியே எடுத்துப் பார்த்தேன். சுருள்கள் முழுசாகத்தான் இருந்தன, வெப்ப ஃபியூஸ்தான் திறந்துகிடந்தது. மீட்டர் வைத்துச் சுருள்களை அளந்தேன்: ஒன்று 0.4 ஓம், இரண்டு சேர்ந்து 1.1, மூன்றும் சேர்ந்து 2.4. (இவ்வளவு சின்ன அளவுகளை எடுக்கும்போது மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒட்டவைத்து அது காட்டுவதைக் கழித்துக்கொள்ள வேண்டும். என் மீட்டர் வயர்கள் மட்டுமே 0.3 ஓம் தின்கின்றன.)

வெப்ப ஃபியூஸுக்குப் பதில் ஒரு துண்டு வயரை வைத்துப் பற்றவைத்தால் மூன்று வேகமும் வந்துவிடும். இந்தக் குறுக்குவழியைப் பெருமையாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் குழாய்க்குள், தூசியும் சருகும் சேருகிற இடத்தில், சிவக்கச் சூடாகக்கூடிய கம்பிச்சுருளை அதன் ஒரே காவலைக் கழற்றிவிட்டு உட்காரவைக்கும் வேலை அது. நான் செய்யவில்லை. புது ரெசிஸ்டர் வாங்கி மாட்டினேன், நான்கு வேகமும் வந்தன, கை தட்டிவிட்டு எழுந்தேன்.

எழுவதற்கு முன் ஒன்றைப் பார்த்தேன், பார்த்தும் விட்டுவிட்டேன். ரெசிஸ்டரில் செருகும் கனெக்டரின் ஒரு முனை மட்டும் வெள்ளையிலிருந்து பழுப்பாக மாறியிருந்தது, தேநீர்க் கறை பட்ட மாதிரி. பழைய கார், இதெல்லாம் இருக்கும் என்று மாட்டிவிட்டேன். சுத்தச் சோம்பேறித்தனம்.

மூன்று வாரம்

மூன்று வாரம் கழித்து அதே கதை. 1, 2, 3 இல்லை, 4 மட்டும். கடைக்காரர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. இன்னொரு ரெசிஸ்டர் வாங்கினேன், இந்த முறை கம்பெனிச் சரக்கு. அது பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

இடையில் வேறு சில அறிகுறிகளும் வந்திருந்தன. அவற்றையெல்லாம் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. காலையில் முதல் முறை 1-இல் போட்டால் உடனே சுற்றாது, இரண்டு மூன்று விநாடி கழித்து முனகிக்கொண்டு கிளம்பும். ஒருநாள் 4-இல்கூடச் சுற்றவில்லை, ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் தானாக ஓட ஆரம்பித்தது. க்ளவ் பாக்ஸுக்கு அடியில் கையை விட்டு மோட்டாரை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் எழுந்துகொள்ளும். தட்டினால் ஓடும் மோட்டார் என்றால் பிரஷ் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் எங்கோ பிடிக்கிறது.

வாகன மின்வேலையே தொழிலாக உள்ள நண்பர் ஒருவரிடம் ஃபோனில் புலம்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

“மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்குதுன்னு பாத்தீங்களா?”

“இல்லைங்க.”

“பாக்காம எப்படி ரெண்டு ரெசிஸ்டர் மாத்துனீங்க?”

பதில் இல்லை. மீட்டரை எடுத்துக்கொண்டு மறுபடி க்ளவ் பாக்ஸைக் கழற்றினேன்.

இரண்டு பக்கமும் 12 வோல்ட்

அளக்க உட்கார்ந்ததும் முதல் அடி. திருகை 1-இல் வைத்துவிட்டு மோட்டாரின் இரண்டு வயரையும் ஒவ்வொன்றாகக் கார் உடம்போடு சேர்த்து அளந்தேன். இரண்டிலும் 12 சொச்சம். இரண்டிலும் கரண்ட் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை, அப்படியானால் வயரிங்கில் ஷார்ட் என்று ஒரு மணி நேரம் வயரைத் தடவிக்கொண்டிருந்தேன்.

விஷயம் ரொம்பச் சாதாரணம். என் காரில் சுவிட்ச் எர்த் பக்கத்தில், அதாவது பேட்டரி நெகடிவோடு சேர்ந்த கார் உடம்பின் பக்கத்தில் இருக்கிறது. பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே, அப்புறம் மோட்டார், மோட்டாரிலிருந்து ரெசிஸ்டர், ரெசிஸ்டரிலிருந்து திருகு, திருகிலிருந்து எர்த். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பல கார்களில் இந்த வரிசைதான். எர்த் பக்கம் எங்கேயாவது அறுந்திருந்தால் கரண்ட் ஓடாது, கரண்ட் ஓடாவிட்டால் மோட்டாருக்குள் வோல்ட் இறங்காது, அதனால் மோட்டாரின் அந்தப் பக்கத்திலும் முழு 12 வோல்ட் அப்படியே நிற்கும். குழாயின் வாயை அடைத்தால் குழாய் முழுக்க ஒரே அழுத்தம் இருப்பதைப் போல. சுவிட்ச் பாசிடிவ் பக்கம் இருக்கும் கார்களும் உண்டு, அவற்றில் இப்படி வராது. உங்கள் காரில் எது என்று தெரியாமல் மீட்டர் வைத்தால் அது காட்டுவது உண்மையாக இருந்தும் உங்களை ஏமாற்றும்.

சரியான வழி, மோட்டாரின் இரண்டு முனைக்கும் நடுவே அளப்பது. அதுவும் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது. சும்மா இருக்கும் வயரில் மீட்டர் 12 வோல்ட் காட்டுவதற்கு அர்த்தமே இல்லை. பத்து இழையில் ஒன்பது அறுந்த வயரும் 12 காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. 20 ஆம்பியர் ஓடும்போதுதான் வயரின் சாயம் வெளுக்கும்.

எஞ்சினை ஓடவிட்டு 4-இல் வைத்து அளந்தேன். பேட்டரியில் 13.9 வோல்ட். மோட்டாரின் இரண்டு முனைக்கு நடுவே 11.4. இரண்டரை வோல்ட் வழியில் காணாமல் போகிறது. எங்கே என்று துண்டு துண்டாகத் தேடினேன்: பேட்டரியிலிருந்து மோட்டார் வரைக்கும் 0.5, சுவிட்சும் எர்த்தும் சேர்ந்து 0.7, மீதி 1.3 வோல்ட்டும் அந்தப் பழுப்புக் கனெக்டரின் ஒற்றை முனையில். 4-ஆம் வேகம் ரெசிஸ்டர் சுருளைத் தொடாது என்றாலும், என் காரில் அதன் வயர் அதே கனெக்டர் வழியாகத்தான் திரும்பிப் போகிறது. நான் துடைத்துக்கூடப் பார்க்காமல் செருகிய அதே முனை.

வயரை வெட்டாமல் சுற்றிக் கவ்வியே ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். டி.சி. அளக்கும் கிளாம்ப் வேண்டும், வீட்டு மின்வேலைக்கு வைத்திருக்கும் சாதாரண கிளாம்ப் இங்கே பூஜ்யம்தான் காட்டும். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் வயரைச் செருகி அளக்கலாம் என்று நினைக்காதீர்கள், மீட்டரின் உள் ஃபியூஸ் போய்விடும். காட்டியது 25 ஆம்பியர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.3 வோல்ட், 25 ஆம்பியர், பெருக்கினால் 32 வாட்டுக்கு மேல். பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூடு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன ஒரு தகரத் துண்டில். பிளாஸ்டிக் பழுப்பாகாமல் என்ன செய்யும்? 30 ஆம்பியர் ஃபியூஸுக்கு இதெல்லாம் தெரியாது. அது 25-ஐப் பார்த்துவிட்டு நல்லபடியாக நடக்கிறது என்று சும்மா இருக்கும். கனெக்டர் உருகி ஒழுகினாலும் ஃபியூஸ் போகாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்: பழுதான தொடர்பு கரண்டைக் கூட்டுவதில்லை, இருக்கிற கரண்டை ஒரே இடத்தில் சூடாக மாற்றுகிறது.

ஃபில்டர் மேல் போட்ட பழி

25 ஆம்பியர் அதிகம் என்று தோன்றியது. ஆனால் எதனால் அதிகம்? எல்லோரும் சொல்வது ஒன்று உண்டு: கேபின் ஃபில்டர் (ப்ளோயருக்குப் போகும் காற்றை வடிகட்டுவது) அடைத்துக்கொண்டால் மோட்டார் சிரமப்படும், கரண்ட் கூடும், அதனால் ரெசிஸ்டர் எரியும். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தவன்தான். ஃபில்டரை உருவினேன், கறுத்துப்போய் மடிப்புகளுக்கு நடுவே இலைத்தூள் திணிந்து, பிடித்து உதறினால் தும்மல் வரும் நிலையில் இருந்தது. ஆகா, கிடைத்துவிட்டது என்று புதுசு போட்டுக் கிளாம்ப் மீட்டரைப் பார்த்தால் எண் குறையவில்லை. 25-லிருந்து 26-ஐத் தொட்டது. கூடியிருக்கிறது!

ஃபில்டரை மறுபடி எடுத்துவிட்டுக் காற்று உள்ளே போகும் வாயை ஒரு அட்டையால் மெதுவாக மூடினேன். சத்தம் கீச்சென்று ஏறியது, கரண்ட் இறங்கியது. முக்கால்வாசி மூடியபோது 19. அட்டையை எடுத்தால் சத்தம் இறங்கிக் கரண்ட் ஏறுகிறது. வாக்யூம் கிளீனரின் வாயைக் கையால் அடைத்தால் அது கீச்சிடுமே, நாம் அதைச் சிரமப்படுவதாக நினைப்போமே, அப்போது அது உண்மையில் இளைப்பாறுகிறது. ப்ளோயர் மோட்டார் சுற்றும் இந்த அணில்கூண்டு வடிவச் சக்கரங்களுக்கு வேலை என்பது காற்றைத் தள்ளுவது. தள்ளக் காற்றே வராவிட்டால் சுமை குறைந்து சக்கரம் வெட்டியாக வேகமாகச் சுற்றும்.

அப்படியானால் அடைத்த ஃபில்டர் ரெசிஸ்டரை எரிப்பதில்லையா என்றால், எரிக்கும், ஆனால் வேறு வழியில். மேலே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, ரெசிஸ்டரைக் குளிரவைப்பது அந்தக் காற்றுதான். காற்று குறைந்தால் அது ஆறாது. கரண்ட் கூடி அல்ல, விசிறிவிட ஆளில்லாமல் எரிகிறது. இந்த வித்தியாசம் எனக்கு ஏன் முக்கியம் என்றால், ஃபில்டரால் 25 ஆம்பியரை விளக்க முடியாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கரண்ட் கூடியிருந்தால் மோட்டார் எங்கோ உரசுகிறது, வேறு வழியில்லை.

உரசும் மோட்டார் ரெசிஸ்டரை என்ன செய்யும் என்பதையும் ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். 1-ஆம் வேகத்தில் நல்ல மோட்டார் 3.5 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 2.4 ஓம் ரெசிஸ்டரில் 29 வாட் சூடு, கூடவே அதை ஆற்றக் காற்றும் ஓடுகிறது, பிரச்சினை இல்லை. மோட்டார் பிடித்துக்கொண்டு சுற்றாமல் நிற்கிறது என்றால்? காயிலின் 0.3 ஓமும் ரெசிஸ்டரின் 2.4 ஓமும் மட்டும்தான் தடை, 13.9 வோல்ட்டில் 5 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே ஓடும். ரெசிஸ்டரில் சூடு 60 வாட்டைத் தாண்டுகிறது, சக்கரம் நிற்பதால் காற்று துளியும் இல்லை. இரண்டு மடங்கு சூடு, ஆற்ற ஆளில்லை. காலையில் 1-இல் போட்டதும் இரண்டு மூன்று விநாடி முனகிவிட்டுக் கிளம்பியதே, அந்த விநாடிகளில் வெப்ப ஃபியூஸ் ஒவ்வொரு நாளும் வெந்துகொண்டிருந்தது. ஒருநாள் முனகல் கொஞ்சம் நீண்டது, அவ்வளவுதான். 5 ஆம்பியருக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ் கண்ணைக்கூடத் திறக்காது.

மோட்டாரின் வயிற்றில்

மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினால் மோட்டார் சக்கரத்தோடு கீழே இறங்கி வரும். இறக்கும்போது மடியில் ஒரு கைப்பிடி ஈரச் சருகு விழுந்தது. சக்கரத்தை விரலால் சுண்டினேன். நல்ல மோட்டார் சில சுற்றுச் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். இது அரைச் சுற்றில், பிரேக் போட்ட மாதிரி நின்றது. சக்கரத்தின் அலகுகளில் ஒரு பக்கம் மட்டும் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது, அதனால்தான் வேகம் எடுத்ததும் டேஷ்போர்டு நடுங்கியிருக்கிறது.

சக்கரத்தை உருவினேன். அச்சு புஷ்ஷுக்குள் (அச்சைத் தாங்கும் உலோக வளையம்) நுழையும் இடத்தில் செம்பழுப்பாக ஒரு வளையம். நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது, துரு. புஷ்ஷின் மேல் எண்ணெய்ப் பசையே இல்லை, மணல் துகள் ஒட்டி உலர்ந்துகிடந்தது. என் காரில் மோட்டார் கீழே தொங்குகிறது, அச்சு மேல்நோக்கி நிற்கிறது, அதன் தலையில் சக்கரம். மேலேயிருந்து தண்ணீர் சொட்டினால் அச்சு வழியாகவே வழிந்து நேராக மேல் புஷ்ஷில் இறங்கும். பிரஷ் இரண்டும் பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தன, ஆனால் அவை முக்கியக் குற்றவாளிகள் அல்ல.

இங்கே ஒரு ஆசைக்கு இடம் கொடுத்தேன். துருவைத் துடைத்துவிட்டுப் புஷ்ஷில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் திருப்பி மாட்டினேன். 25 ஆம்பியர் 20-ஆக இறங்கியது, ஆகா என்று இருந்தது. நான்கு நாள் கழித்து 24. துரு தின்ற அச்சும் தேய்ந்த புஷ்ஷும் எண்ணெய்க்குக் கட்டுப்படவில்லை. எண்ணெய் விட்டதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், புது மோட்டார் வரும்வரை ஓட்ட உதவியது. பிரஷ் பக்கம் எண்ணெய் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் எண்ணெயும் கார்பன் தூளும் கலந்தால் பசையாகிவிடும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் புது மோட்டாரை மாட்டியிருந்தால் மூன்றாவது சுற்று ஆரம்பித்திருக்கும். பானெட்டைத் திறந்தேன். வைப்பருக்குக் கீழே முன்கண்ணாடியை ஒட்டி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கும், ப்ளோயருக்கு வெளிக்காற்று அதன் அடியில் இருந்துதான் போகிறது. கண்ணாடியில் விழும் மழைத் தண்ணீரும் அங்கேதான் இறங்கி, இரண்டு ஓரத்திலும் உள்ள வடிகால் ஓட்டை வழியாகக் கார் டயர் பக்கம் வெளியேற வேண்டும். மூடியைக் கழற்றினால், வருஷக்கணக்கில் விழுந்த இலைகள் மக்கி எருவாகி, மோட்டார் இருக்கும் பக்கத்து ஓட்டையை முழுசாக அடைத்திருந்தன. அதில் ஒரு சின்னச் செடி முளைத்திருந்தது, இரண்டு இலையோடு. அதைப் பிடுங்கும்போது கொஞ்சம் சங்கடமாகக்கூட இருந்தது.

உறுதிப்படுத்த ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினேன். வடியவில்லை. மெல்ல மட்டம் ஏறி, காற்று வாயின் விளிம்பைத் தொட்டு, உள்ளே க்ளவ் பாக்ஸ் பக்கம் டொக் டொக்கென்று சொட்ட ஆரம்பித்தது. மழை நாளில் என்ன நடந்திருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. வளையும் பிளாஸ்டிக் குழாயால் ஓட்டையைக் குத்தி அடைப்பை எடுத்து மறுபடி ஊற்றியபோது ஒரே மூச்சில் வடிந்து கீழே தரையில் விழுந்தது.

ஒரே நாளில் எல்லாம்

மோட்டார், ரெசிஸ்டர், கனெக்டர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினேன். கனெக்டரை மட்டும் விட்டுவிடலாமா என்று சபலம் வந்தது, விடவில்லை. ஒருமுறை சூட்டில் வெந்த முனை தன் பிடிப்பை இழந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், இறுக்கிப் பிடிக்காது. வயர் வெட்டிய இடத்திலும் செம்பு கறுத்திருந்தது, பளபளப்பான செம்பு தெரியும்வரை இரண்டு அங்குலம் பின்னால் வெட்டி, சரியான அளவு இணைப்பானைப் போட்டு இடுக்கியால் நசுக்கி, வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டேன். இந்த இடத்தில் ஈயப்பற்றை நம்பாமல் இருப்பது நல்லது, அதிகக் கரண்டில் சூடாகும் இணைப்பில் ஈயம் இளகிவிடும்.

அப்புறம் ஒரு கூத்து. புது மோட்டாரோடு வந்த வயர்முனை பழைய கனெக்டரோடு பொருந்தவில்லை, நானே இணைத்தேன், இரண்டு வயரையும் மாற்றி இணைத்துவிட்டேன். 4-இல் போட்டால் காற்று வருகிறது, ஆனால் பழைய மோட்டாரைவிட மட்டமாக. மோட்டாரே மோசம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். சாதாரண விசிறியைத் தலைகீழாகச் சுற்றினால் காற்று எதிர்ப்பக்கம் போகும், உடனே தெரிந்துவிடும். இந்த அணில்கூண்டுச் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றினாலும் அதே வாய் வழியாகத்தான் காற்றைத் தள்ளும், பலம் மட்டும் குறைந்துவிடும். அலகுகளின் வளைவைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வயரை மாற்றியதும் க்ளவ் பாக்ஸில் இருந்த காகிதங்கள் பறந்தன.

திரும்ப அளந்தேன். பேட்டரியில் அதே 13.9. மோட்டார் முனைகளில் 13.0. கனெக்டரில் இறங்குவது 0.1-க்கும் கீழே. கரண்ட் 17.6 ஆம்பியர். வோல்ட் கூடியிருக்கிறது, கரண்ட் குறைந்திருக்கிறது. 4-இல் காற்று இவ்வளவு பலமாக இருக்கும் என்பதையே நான் மறந்திருந்தேன், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததால் தெரியவே இல்லை.

உங்கள் காரில் அறிகுறி வேறாக இருந்தால் வழியும் வேறு. நான்கில் ஒரே ஒரு வேகம் மட்டும் இல்லையென்றால் அந்த வேகத்துக்கான வயர் அல்லது சுவிட்சின் தொடுமுனையைப் பாருங்கள், மோட்டாரைத் தொட வேண்டாம். எதுவுமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, எர்த், மோட்டார் என்ற வரிசை. 1, 2, 3 வந்து 4 மட்டும் இல்லையென்றால் 4-க்கான ரிலே அல்லது வயர் அல்லது சுவிட்ச். சத்தம் முழுசாகக் கேட்கிறது, காற்று மட்டும் வரவில்லை என்றால் மின்சாரத்தை விட்டுவிட்டு ஃபில்டர், உள்ளே காற்றைத் திருப்பும் தட்டிகள், இவாப்பரேட்டர் உறைவது ஆகியவற்றின் பக்கம் போங்கள். ஏ.சி.யை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஃபேனை மட்டும் ஓடவிட்டதும் காற்று திரும்பி வந்தால் உறைவுதான். தானியங்கிக் கட்டுப்பாடு உள்ள கார்களில் இந்தக் கம்பிச்சுருள் ரெசிஸ்டரே இருக்காது, அதன் இடத்தில் டிரான்சிஸ்டர் உள்ள ஒரு மாட்யூல். அது போனால் ஃபேன் ஒரே வேகத்தில் ஓடும், அல்லது சாவியை எடுத்த பிறகும் நிற்காமல் ஓடிப் பேட்டரியைக் காலி செய்யும். ஆனால் அந்த மாட்யூலையும் எரிப்பது பெரும்பாலும் இதே மாதிரி உரசும் மோட்டார்தான், புது மாட்யூலை மாட்டுவதற்கு முன் சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பாருங்கள்.

மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் க்ளவ் பாக்ஸை இறக்கி, அரை மணி நேரம் 4-இல் ஓடவிட்டுக் கனெக்டரைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு மட்டும். கிளாம்ப் 17.8 காட்டியது. வடிகால் ஓட்டையில் நாலைந்து புது இலைகள் வந்து உட்கார்ந்திருந்தன, எடுத்துப் போட்டேன். க்ளவ் பாக்ஸின் ஒரு கிளிப்பைக் கழற்றும்போது உடைத்துவிட்டேன், அது இப்போது மேடு பள்ளத்தில் கடகடக்கிறது. அதை இன்னும் சரிசெய்யவில்லை.